பெயிண்ட் மார்க்கர் வச்சு மினியேச்சருக்கு சீக்கிரமா கலர் அடிக்கிறது எப்படி

மேசை மேல விளையாடுற போர் விளையாட்டுல நகத்துற குட்டி பொம்மைதான் மினியேச்சர், சுருக்கமா மினி. என்கிட்ட பன்னெண்டு கோப்ளின் (கதைல வர்ற குட்டிப் பூதம்) கலர் அடிக்காம சாம்பல் கலர்லயே நிக்குது, அடுத்த ஆட்டத்துக்கு ரெண்டு ராத்திரிதான் இருக்கு, அப்பதான் பிரஷ்ஷ ஓரமா வச்சிட்டு மார்க்கர கையில எடுத்தேன். பன்னெண்டும் முடிஞ்சுது. இப்ப கூட்டமா வர்ற எதிரிப் படைக்கெல்லாம் எனக்கு மார்க்கர்தான்.

சோப்புத் தண்ணில கழுவி காய வச்சு பிரைமர் (கலர் ஒட்டறதுக்கான அடிப்பூச்சு) அடிக்கிறது வழக்கம்போலதான். ஆனா வெள்ளை பிரைமர் வேண்டாம், கருப்போ அடர் பிரவுனோ எடுங்க. மார்க்கரோட நிப் மடிப்புக்குள்ள போகாது, வெள்ளையா இருந்தா அங்கங்க பல்லிளிக்கும், கருப்பா இருந்தா அதுவே நிழலாயிடும். மஞ்சள் மாதிரி வெளிர் கலருக்கு மட்டும் ரெண்டு கோட் தேவைப்படும்.

மார்க்கர்ல நான் சொல்றது போஸ்கா மாதிரி தண்ணி அடிப்படையிலான அக்ரிலிக் மார்க்கர். 0.7 மி.மீ. நிப் ஒன்னு, 0.9-1.3 மி.மீ. ஒன்னு, இது ரெண்டு அளவு போதும். பெட்டில பேர் எழுதுற பெர்மனன்ட் மார்க்கர் வேண்டவே வேண்டாம், அது சாயம், அடியில இருக்கிற கலர மறைக்காது.

மூடியோட நல்லா குலுக்குங்க, உள்ள குண்டு ஆடுற சத்தம் கேக்கணும். அப்புறம் நிப்ப பேப்பர்ல அமுக்கி பெயிண்ட இறக்குங்க. மினி மேல வச்சு அமுக்காதீங்க, ஒரு சொட்டு மொத்தமா முகத்துல விழுந்துடும்.

உள்ள இருக்கிறதுல ஆரம்பிச்சு வெளிய வாங்க: முதல்ல தோல், அப்புறம் துணி, அப்புறம் பெல்ட்டு, பை. நிப்ப படுத்த வாக்குல வச்சு மேடான இடத்த மட்டும் தடவுங்க. பாதி காஞ்ச இடத்துல திரும்ப தேச்சா அடி கோட்டும் சேந்து உரிஞ்சு வந்துடும், அதனால ஒரு மினிய வச்சிட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க, பன்னெண்டாவது முடியறதுக்குள்ள முதல் ஆள் காஞ்சிருப்பான். நிப் நுழையாத இடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடில பெயிண்ட இறக்கி சின்ன பிரஷ்ஷால தொட்டு வைங்க.

இப்பதான் முக்கியமான கட்டம். மடிப்புல தேங்கி நிழல் காட்டுற தண்ணியான பெயிண்டுக்குப் பேர் வாஷ். ஒரு தடவ கலர் காஞ்சிடுச்சுன்னு நேரா பிரவுன் வாஷ் ஊத்தினேன், சிவப்பு அங்கி கரைஞ்சு பச்சைத் தோல்ல இறங்கி மொத்தமும் சேறு மாதிரி ஆயிடுச்சு. இந்த மார்க்கர் பெயிண்ட் தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா ஈரம் பட்டா திரும்ப இளகும், வாஷ் முழுக்க ஈரம்தானே. அதனால வாஷுக்கு முன்னாடி மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு) ஸ்பிரே கட்டாயம். 20-25 செ.மீ. தள்ளி நின்னு மெல்லிசா ரெண்டு தடவ, நடுவுல காய விட்டு. காத்துல ஈரம் அதிகமா இருக்கிற நாள்ல அடிக்காதீங்க, வெள்ளையா பூத்துடும். நான் ராத்திரி அடிச்சு காலைலதான் தொடுவேன். அதுக்கப்புறம் வாஷ் தாராளமா போடலாம், அடி கலர் அசையாது. குளமா தேங்கற இடத்துல மட்டும் பிரஷ்ஷால ஒத்தி எடுங்க.

வாஷ் காஞ்சதும் அதே மார்க்கரால மூக்கு நுனி, காது ஓரம், துணி மடிப்போட மேல்பக்கம் மட்டும் ஒரு கோடு இழுங்க, மினிக்கு உயிர் வந்துடும். முடிவா இன்னொரு தடவ வார்னிஷ்.

சேர்த்தது: வெள்ளி மார்க்கர் மங்கலா ஆகுதேன்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. மேட் வார்னிஷ் மினுமினுப்ப தின்னுடும், அதனால கத்தி, கவசத்துக்கு வெள்ளிய கடைசி வார்னிஷுக்கு அப்புறம் அடிங்க. கையில தேயாம இருக்க மினிய எப்பவும் அடித்தட்டப் பிடிச்சே நகத்துங்க.

இன்னொன்னு, கண்ணு. 28 மி.மீ. அளவு மினியோட கண்ணுக்கு 0.7 நிப்பே பெருசு. கண் குழில இருக்கிற இருட்ட அப்படியே விட்டுடுங்க, இல்ல பல்குச்சி நுனில வெள்ளைய தொட்டு ஒரு புள்ளி. நான் தலைவன் கோப்ளினுக்கு மட்டும்தான் புள்ளி வைப்பேன், மத்தவங்களுக்கு குழி இருட்டே போதும்.