கடைசி வார இறுதியில் எல்லை தாண்டாதீர்கள்

செப்டம்பர் நெருங்கினால் ஜெர்மனியில் படிப்பை முடிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் பயணத் திட்டத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். அண்மையில் ஒரு தம்பி காட்டிய திட்டம் இது: வெள்ளி இரவு பஸ்ஸில் ப்ராக், ஞாயிறு இரவு திரும்புதல், திங்கள்கிழமை பிராங்க்பர்ட்டிலிருந்து ஊருக்கு விமானம். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் மேற்கு எல்லை நகரமான ஆஹனில் படிப்பை முடித்தபோது நான் போட்டதும் இதே திட்டம்தான். ப்ராக் இருந்த இடத்தில் பாரிஸ் இருந்தது.

குடை எடுங்கள், போனுக்குச் சார்ஜ் ஏற்றுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கவலை தருபவை வேறு.

திங்கள் விமானம் இருக்க, ஞாயிறு இரவு வெளிநாட்டில் நிற்பது

ஏன் பாரிஸ் போனேன்? ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குடியிருக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லூவ்ர் அருங்காட்சியகத்தில் நுழைவு இலவசம். குடியிருப்பு அட்டை கையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம். எண்ணத்தில் பிழையில்லை, அதைக் கடைசி வாரம் வரை தள்ளியதுதான் பிழை.

பாரிஸிலிருந்து ஆஹனுக்கு நேரடி ரயில் உண்டு. பணத்தை மிச்சம் பிடிக்க நான் பிரஸ்ஸல்ஸ் வரை ஒன்று, அங்கிருந்து ஆஹனுக்கு ஒன்று என இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினேன். முதல் வண்டி வழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. நான் பிரஸ்ஸல்ஸில் இறங்கியபோது அன்றைய கடைசி வண்டி போய்விட்டிருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டு டிக்கெட்டுகளையும் பார்த்துவிட்டு, இவை இரண்டு தனிப் பயணங்கள், எங்களால் எதுவும் செய்ய முடியாது என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், இணைப்பு வண்டி தவறும்போது பயணியை ஊர் கொண்டு சேர்ப்பது ரயில் நிறுவனத்தின் பொறுப்பு. சில விதிவிலக்குகள் தவிர, ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும் இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதமும் இழப்பீடு உண்டு. டிக்கெட்டைத் துண்டு துண்டாக வாங்குகிறவர், இணைப்பு தவறினால் வரும் செலவையும் தானே ஏற்கிறார்.

அந்த இரவின் விடுதி வாடகையை மறந்துவிட்டேன். மறக்க முடியாதது மறுநாள் காலை. எட்டு மணிக்கு ஆஹனில் மாணவர் விடுதிப் பொறுப்பாளர் என் அறையைச் சோதித்துச் சாவியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. நான் இல்லாமலேயே சோதனை முடிந்திருந்தது. சுவரில் இருந்த கீறலும் மேசையில் இருந்த கறையும் என் கணக்கில் ஏறியிருந்தன. இரண்டும் நான் குடிவந்த நாளிலேயே இருந்தவை. அன்று கையெழுத்திட்ட படிவத்தில் பதிவானவை. அந்தப் படிவம் பூட்டிய பெட்டியின் அடியில் கிடந்தது. தோண்டி எடுத்துக் காட்ட நேரமில்லை, இரவு விமானத்துக்காக பிராங்க்பர்ட் ஓட வேண்டும். டெபாசிட்டில் பெரும் பகுதி போனது. ஊரிலிருந்து எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பயன் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. காலை எட்டு மணிக்கு அந்தப் படிவத்தோடு அறையில் நின்றிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஆகவே அடுத்த நாட்டுப் பயணத்தை ஒரு வாரம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நின்றாலும், வேலைநிறுத்தம் வந்தாலும், உங்களுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கும்.

பக்கத்தில் இருப்பதை "எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என விடுவது

ஆஹன் பேராலயத்தைத் தாண்டித்தான் இரண்டு ஆண்டுகள் நடந்தேன். யுனெஸ்கோ 1978இல் உலகப் பாரம்பரியத் தலங்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது அதில் இடம்பெற்ற ஒரே ஜெர்மன் தலம் அது. 814இல் இறந்த பேரரசர் சார்லமேன் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். மாடத்தில் இருக்கும் அரியணையைக் கீழே நின்று பார்க்க முடியாது. வழிகாட்டியுடன் மேலே போனால்தான் காணலாம். ஞாயிறு காலை திருப்பலி நேரத்தில் ஆலயத்தைச் சுற்றிப் பார்க்கவும் அனுமதி இல்லை. இவற்றையெல்லாம் ஊர் திரும்பிய பிறகே படித்தேன். 936 முதல் 1531 வரை ஜெர்மன் அரசர்கள் முடிசூடிய இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவன், அந்த அரியணையைப் பார்க்காமலேயே விமானம் ஏறினேன். பாரிஸுக்கு எவரும் பிறகொரு நாள் போவார்கள். நீங்கள் படித்த சின்ன ஊருக்கென்று மீண்டும் விசா எடுத்து வருவது அரிது.

கொலோனில் படிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே பேராலயக் கோபுரத்துக்கு 533 படிகள். ஏறாமல் ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஆஹன்காரர்களுக்குக் கடைசி ஞாயிறு மாலைக்கு ஒன்று: நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஜெர்மனியும் தொடும் முச்சந்திக் குன்று. எல்லை தாண்டாதீர்கள் என்ற தலைப்புக்கு நான் தரும் ஒரே விலக்கு இது. எந்த ரயிலையும் நம்பத் தேவையில்லை, நடந்தே விடுதிக்குத் திரும்பிவிடலாம். நண்பர்களோடு போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி வாங்கக் கிளம்புவது

ஜெர்மனியில் ஞாயிறு கடை திறக்காது. சனிக்கிழமையே முடியுங்கள்.

செமஸ்டர் டிக்கெட்டைக் கண்ணை மூடி நம்புவது

ஜெர்மனி முழுமைக்குமான மாணவர் செமஸ்டர் டிக்கெட் உள்ளூர் வண்டிகளுக்கும் வட்டார ரயில்களுக்கும்தான். அதிவேக ரயிலில் செல்லாது. பல்கலைக்கழகங்களில் கோடை செமஸ்டர் செப்டம்பர் 30 அன்று முடிகிறது. அக்டோபர் முதல் வாரம் கிளம்புகிறவர்கள் டிக்கெட்டின் தேதியைப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஊர் சுற்றுவது

2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. குன்றுக்குப் போனாலும் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் பையில் இருக்கட்டும். நகல் போதாது.

முகவரிப் பதிவு நீக்கத்தை வார இறுதிக்கு விடுவது

நகர அலுவலகத்தில் நீங்கள் பதிந்திருக்கும் முகவரியை, நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீக்கிக்கொள்ளலாம். சனி, ஞாயிறில் அலுவலகத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சான்றைக் கையில் வாங்கிவிடுங்கள். குடிவந்த நாளின் அறைப் படிவத்தோடு சேர்த்து, விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பையில் வையுங்கள்.