அடகுக்கடையில் பழைய ரிவால்வர் வாங்குவது எப்படி? (அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு)

டெக்சாஸில் அடகுக்கடைக்குள் நுழைந்தால் கிட்டார், ட்ரில் மெஷின், மோதிரங்கள் எல்லாம் தாண்டி ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். புதுப் பிஸ்டல்களுக்கு நடுவே நீலப் பூச்சு தேய்ந்த பழைய ரிவால்வர் ஒன்றிரண்டு கிடக்கும். குறைந்த காசுக்கு நல்ல பொருள் வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது அதைத்தான். பூச்சு போனதால்தான் விலை குறைந்திருக்கிறது. உள்ளே இயக்கம் நன்றாக இருந்தால் அந்தத் தேய்மானம் உங்களுக்கு லாபம்.

முதலில் சட்டம்

கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதோ வைத்திருப்பதோ கூட்டரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் ஒரு வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம்.

அடகுக்கடையும் உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரிதான். ஃபார்ம் 4473 என்ற கூட்டரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும், வயது 21 ஆகியிருக்க வேண்டும். கைத்துப்பாக்கியை நீங்கள் வசிக்கும் மாநிலத்துக் கடையில்தான் நேரடியாக வாங்க முடியும். இல்லினாய், நியூ ஜெர்சி, நியூயார்க் போன்ற இடங்களில் மாநில அனுமதி அட்டையோ உரிமமோ தனியாக வேண்டும். இன்னொன்று: நண்பர் காசு கொடுத்து "எனக்காக நீ வாங்கிக் கொடு" என்றால் மறுத்துவிடுங்கள். அவருக்காக உங்கள் பெயரில் வாங்குவது ஜெயிலுக்குப் போகிற விஷயம்.

எதைத் தேடுவது

என் ஓட்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10க்கு. 38 ஸ்பெஷல் தோட்டா, ஆறு குண்டு. 1899இல் தொடங்கிய வரிசை. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் பல தலைமுறை இடுப்பில் சுமந்தது. அப்படி வந்தவற்றில் உறையில் உரசிப் பூச்சு போயிருக்கும், சுட்டது என்னவோ குறைவாகத்தான் இருக்கும். இதே துப்பாக்கி ஸ்டெயின்லெஸ் எஃகில் மாடல் 64. ரூகர் செக்யூரிட்டி-சிக்ஸ் கிடைத்தால் அதுவும் அருமை, கல் மாதிரி உழைக்கும்.

ஆர்.ஜி. என்று முத்திரை போட்ட மலிவுத் துப்பாக்கிகளை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நடுவில் முறித்துத் திறக்கும் பழைய ஐவர் ஜான்சன்களும் வேண்டாம். பல கருமருந்துக் காலத்தவை, இன்றைய தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

தோட்டா விஷயத்தில் பலரும் ஏமாறுவது இங்கே: 38 எஸ் அண்ட் டபிள்யூ வேறு, 38 ஸ்பெஷல் வேறு. முன்னது குட்டை, கொஞ்சம் பருமன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்குப் போன ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'விக்டரி' மாடல்கள் முன்னதற்காகச் செய்யப்பட்டவை. பிறகு சிலர் தோட்டா உட்காரும் அறையைக் குடைந்து ஸ்பெஷலுக்கு மாற்றி விற்றார்கள். அதில் சுட்டால் தோட்டாவின் பித்தளைக் கூடு வீங்கும், சில சமயம் பிளக்கும். வரிசை எண் 'வி' எழுத்தில் தொடங்கினால் இரண்டு முறை விசாரியுங்கள்.

கையில் எடுத்துப் பார்ப்பது

பாக்கெட்டில் மூன்று சாமான் போதும்: சின்ன டார்ச், ஆட்டோ பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு துண்டு வெள்ளைத்தாள். துப்பாக்கிக்கென்று விற்கும் விசேஷ விளக்குகள் தேவையே இல்லை.

சிலிண்டரை, அதாவது தோட்டா போடும் உருளையை, திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். சினிமாவில் போல மணிக்கட்டை வெட்டி மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்துவிடும், கடைக்காரரும் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வைத்துவிடுவார். ஹாமரை (பின்னாலிருக்கும் சுத்தியலை) இழுத்துப் பார்க்கவும் டிரிக்கரை அழுத்தவும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

இனி முக்கியமான சோதனை. எனக்குப் புரியவே நாளானது இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். காலியான சிலிண்டரை மூடி, துப்பாக்கியை ஆளில்லாத பக்கம் திருப்பிப் பிடியுங்கள். இடது கை விரல் ஒன்றைச் சிலிண்டர் மேல் லேசாக உரசினாற்போல் வையுங்கள். கட்டை விரலால் ஹாமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹாமர் முழுதாகப் பின்வந்து நிற்பதற்குள் சிலிண்டர் 'டிக்' என்று தன் பள்ளத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஹாமர் நின்ற பிறகு விரலால் தள்ளினால்தான் அந்த 'டிக்' வருகிறது என்றால் டைமிங், அதாவது சிலிண்டர் சரியான நேரத்தில் பூட்டும் ஒழுங்கு, போய்விட்டது. வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே ஓடிப்போய்ப் பூட்டிக்கொள்ளும், குறை தெரியாது. ஓர் அறை சரியாக இருந்தால் போதாது. ஆறையும் இப்படியே பாருங்கள்.

அடுத்து, ஹாமரைக் கையால் பிடித்து மெல்ல இறக்கி, டிரிக்கரை விடாமல் அழுத்தியபடியே சிலிண்டரை ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது ஸ்மித்துக்கு இயல்பு. கோல்ட் (Colt) கம்பெனியின் பழைய ரிவால்வர்கள் மட்டும் அசையாமல் இறுகி நிற்கும். கோல்ட் அசைந்தால் விட்டுவிடுங்கள், அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைவு. முன்னும் பின்னும் ஆடினால் இரண்டுக்குமே நல்லதல்ல.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விடுங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 வரை இருந்தால் நல்லது. 10ஐத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன்.

பிறகு சிலிண்டரைத் திறந்து, குழலின் பின்வாயில் வெள்ளைத்தாளை வைத்து அதன் மேல் டார்ச் அடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். உள்வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். பின்வாயின் விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்மித்தின் மாடல் 19 போன்ற 357 மேக்னம் துப்பாக்கிகளில் அந்த விளிம்பின் அடிப்பக்கம் விரிசல் விடுவது தெரிந்த கதை.

விலை

சீட்டில் இருப்பது முடிவான விலை இல்லை. கன்புரோக்கர் என்ற துப்பாக்கி ஏலத் தளத்தில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இதே 38 ஸ்பெஷல் தோட்டா போடும் புது ரிவால்வரான டாரஸ் 856 என்ன விலைக்குப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பூச்சு போன மாடல் 10க்கு அதைவிட அதிகம் கேட்டால் பேரம் பேச இடமிருக்கிறது. தேய்மானத்தைக் காட்டிக் குறையுங்கள். ஆனால் பொருளைக் கேவலமாகப் பேசாதீர்கள்; அடுத்த முறை நல்லது வந்தால் எடுத்து வைத்துச் சொல்லப்போவது அதே ஆள்தான்.

பின்சேர்க்கை

"கடையில் ஹாமர் வழியாகப் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள், எப்படிச் சோதிப்பது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வெட்டச் சொல்லிக் கேளுங்கள். வாங்கும் எண்ணத்தோடு வந்தவருக்குப் பெரும்பாலும் வெட்டித் தருவார்கள். மறுத்தால் அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுங்கள்.

இன்னொருவரின் மாடல் 10 சில தோட்டாக்களை வெடிக்காமல் விடுகிறதாம். பிடியின் முன்பக்கம் கீழே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். டிரிக்கர் லேசாக வேண்டும் என்று முன்பு வைத்திருந்தவர் அதைத் தளர்த்தியிருப்பார். தோட்டாக்களை எடுத்துவிட்டு, அதை முழுதாக முடுக்கிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருப்பதாக எழுதியவருக்கு: கைத்துப்பாக்கி விற்கும்போது பாதுகாப்புப் பூட்டும் தர வேண்டியது கடைக்காரரின் கடமை. பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.