ரெட்டேரியில் பிடித்த அமீபா எந்தக் குடும்பம்? கண்டுபிடிக்கும் வழி

அமீபா தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். சென்னை ரெட்டேரி ஏரிக் கரையில் ஆகாயத்தாமரை வேரைக் கொஞ்சம் பிய்த்து ஒரு பாட்டில் தண்ணீரில் உலுக்கி, அரை மணி நேரம் விட்டு, அடியில் படிந்த கசடில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வையுங்கள். பொறுமையாகத் தேடினால் ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஏதாவது ஒன்று சிக்கும். (கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கையை நன்றாகக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள், அகாந்தமீபா என்ற அமீபா கண்ணைக் கெடுக்கும்.)

சிக்கியதும் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். போலிக்காலால் (செல் தற்காலிகமாக நீட்டும் காலால்) நகர்வதையெல்லாம் சார்கோடினா என்று ஒரே மூட்டையில் கட்டிய காலம் உண்டு. உறவுமுறை கண்டுபிடிக்க உதவும் 18எஸ் ரைபோசோம் மரபணுவை ஒப்பிடத் தொடங்கியதும் அந்த மூட்டை அவிழ்ந்துவிட்டது. தொப்பி மாதிரி ஓடுள்ள ஆர்செல்லாவும் செதில் ஓடுள்ள யூகிளிஃபாவும் பங்காளிகள் போலத் தெரியும், ஆனால் முன்னது அமீபோசோவா, பின்னது ரைசேரியா என்று இரண்டு தனித்தனிப் பெரிய கூட்டங்கள். எண்ணூர்க் கழிமுக மணலில் குட்டிக் குட்டி ஓடாகக் கிடக்கிற ஃபோராமினிஃபெரா இருக்கிறதே, யூகிளிஃபாவுக்கு ஆர்செல்லாவை விட அதுதான் நெருங்கிய சொந்தம்.

போலிக்காலைப் பார்த்து ஓர் ஊகம் எழுதி வைக்கலாம், பென்சிலில். விரல் போல மழுங்கியிருந்தால் அமீபோசோவாவாக இருக்கலாம், ஆனால் நேக்லேரியாவுக்கும் மழுங்கல் கால்தான், அதன் உறவோ யூக்ளினா பக்கம். நூல் போலிருந்தால் ரைசேரியாவா? நியூக்ளியேரியாவுக்கும் நூல்தான், அது காளான்களுக்கு உறவு.

அப்புறம் ஆய்வக வேலை, தெரிந்த கல்லூரி ஆய்வகம் இருந்தால் சுலபம். மெல்லிய பிப்பெட்டில் ஒரே ஒரு செல்லை உறிஞ்சி, சுத்தமான தண்ணீரில் மூன்று நான்கு முறை மாற்றி மாற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அது தின்ற பாசியின் டிஎன்ஏ உங்களை ஏமாற்றும். பிசிஆர் (மரபணுவைப் பல நகலெடுக்கும் முறை) செய்து டிஎன்ஏ எழுத்து வரிசை வந்ததும் பிளாஸ்டில், அதாவது தரவுத்தளத்தில் ஒத்த வரிசைகளைத் தேடும் கருவியில், போடுவீர்கள். முதலில் வரும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். தரவுத்தளத்தில் தப்பாகப் பெயரிட்டதும் கிடக்கிறது. தெரிந்த உறவுகளின் வரிசைகளையும் சேர்த்து உறவு மரம் வரையுங்கள். மரத்தில் உங்கள் கிளை மட்டும் நீளமாக அடியில் போய் ஒட்டினால் சந்தேகப்படுங்கள்: வேகமாக மாறும் வரிசைகள் அப்படித்தான் இடம் மாறி உட்காரும். என்டமீபா என்ற குடல் அமீபாவையே ஒரு காலத்தில் தொன்மையான கிளை என்று நினைத்தார்கள், பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்த பிறகு அமீபோசோவாவுக்குள் வந்துவிட்டது.

மிக நெருங்கிய இனங்களைப் பிரிக்க 18எஸ் போதாமல் போகலாம், மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ மரபணுவையும் பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள், டிஎன்ஏ எடுத்தால் செல் போச்சு, அதனால் கழுவுவதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள்.