நாலு மணி லோடுக்கு முந்தின ராத்திரி: ஒரு டிரைவர் கணக்கு

போன மாதம் ஒரு நாள், விடியற்காலை நாலரை மணி. நாமக்கல்லில் எங்கள் லாரி யார்டு கேட்டில் சாவியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஊதுகிற மெஷினை நீட்டினேன். எதிரே நின்ற தம்பி குளித்து, திருநீறு பூசி, துவைத்த சட்டை போட்டிருந்தான். நடையில் தள்ளாட்டம் இல்லை, பேச்சிலும் குழறல் இல்லை. ஊதினான். 41 என்று காட்டியது. 100 மில்லி ரத்தத்தில் 41 மில்லிகிராம் ஆல்கஹால் என்று அர்த்தம்.

"அண்ணா, மெஷின் தப்புங்க. ஒரே ஒரு குவார்ட்டர்தானுங்க. பத்தரைக்கெல்லாம் முடிச்சுட்டுப் படுத்துட்டனுங்க."

பதினைந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொன்னேன். 38. மெஷினில் தப்பில்லை, தம்பியும் பொய் சொல்லவில்லை. கணக்குதான் அவனுக்குத் தெரியவில்லை. 26 வருஷம் லாரி ஓட்டின எனக்கே, ஸ்டீயரிங்கை விட்டு இந்த கேட்டில் உட்கார்ந்த பிறகுதான் அது தெரிந்தது. குடிக்காதே என்று புத்தி சொல்ல இதை எழுதவில்லை. எனக்குச் சொன்னபோது நானும் கேட்டதில்லை.

முதலில் பாட்டில் லேபிளைப் பாருங்கள். பிராந்தியோ ரம்மோ, டாஸ்மாக்கில் வாங்குகிற சரக்கில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். குவார்ட்டர் என்றால் 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடை போட்டால் 60 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆளுடைய ஈரல் மணிக்குச் சுமார் ஆறு கிராம்தான் கரைக்கும். அப்படியானால் ஒரு குவார்ட்டர் முழுசாக இறங்கப் பத்து மணி நேரம். தம்பி ஒன்பதரைக்கு ஆரம்பித்தான், நாலரைக்கு வந்து நின்றான். ஏழு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. மிச்சம் எங்கே போகும்?

கிராம் கணக்கெல்லாம் தலையில் நிற்காது. அதனால் நான் பையன்களுக்குக் கட்டிங்கில் சொல்லிக் கொடுப்பேன். கட்டிங் என்றால் பாதி குவார்ட்டர், 90 மில்லி. ஒரு கட்டிங் இறங்க ஐந்து மணி நேரம். ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி என்பதால் ஒரு மணி நேரம் கூடப் போட்டு ஆறாக வையுங்கள். குவார்ட்டருக்கு 12 மணி நேரம். ஆஃபுக்கு, அதாவது அரை பாட்டிலுக்கு, 24க்கு மேல், முழுசாக ஒரு நாள். கடைசி வாய் குடித்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும், படுத்த நேரத்திலிருந்து இல்லை. ஒல்லியான ஆள், ஈரல் ஏற்கெனவே கெட்ட ஆள் என்றால் இதுவும் பத்தாது.

பீர்தானே என்று சொல்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் இருந்தால் ஆல்கஹால் 41 கிராம். கட்டிங்கை விடக் கூட. ஒரு பாட்டிலுக்கு எட்டு மணி நேரம் வையுங்கள். இரண்டு பீர் அடித்தால் 16 மணி நேரம், குவார்ட்டரையே தாண்டிவிட்டது.

இப்போது வண்டி எடுக்கிற நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். காலை நாலு மணிக்கு லோடு என்றால், முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்குள் குவார்ட்டரை முடித்திருக்க வேண்டும். கடை திறப்பதே பகல் 12 மணிக்கு. ஆக, நாலு மணி லோடுக்கு முந்தின ராத்திரி குவார்ட்டருக்கு இடமே இல்லை. விமானம் ஓட்டுகிறவர்களுக்கு நம் நாட்டில் கிளம்புவதற்கு முன் 12 மணி நேரம் தொடக் கூடாது என்று விதியே இருக்கிறது. ரயில் ஓட்டுகிறவரும் டூட்டியில் ஏறும்போது ஊதிவிட்டுத்தான் ஏறுகிறார். 40 டன்னை இழுத்துக்கொண்டு போகிற நமக்கு மட்டும் என்ன சலுகை?

மோர், எலுமிச்சை, கட்டங்காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எல்லாம் ஆளை எழுப்பிவிடும், அவ்வளவுதான். ஈரலை வேகப்படுத்த எதுவும் இல்லை. ஹால்ஸ் போட்டால் முதலாளி மூக்குக்குத் தெரியாது. மெஷின் நுரையீரலிலிருந்து வருகிற காற்றை அளக்கிறது.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2009. பெங்களூரிலிருந்து சேலத்துக்கு டாரஸ் லாரியில் லோடு. கிருஷ்ணகிரி தாண்டி ஒரு தாபாவில் வண்டியைப் போட்டோம். பழைய கூட்டாளி ஒருத்தன் எதிரில் வந்துவிட்டான். பத்து மணிக்கு ஆரம்பித்து பதினொன்றரைக்குள் ஆளுக்கொரு ஆஃப். நாலு மணிக்கு அலாரம் அடித்ததும் எழுந்தேன், முகம் கழுவினேன், டீ குடித்தேன். நல்லா இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். கிளீனர் பையனும் அப்படித்தான் நினைத்தான்.

தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு ஆறு மணி வாக்கில் வந்தோம். அந்த ரோட்டில் நூறு தடவைக்கு மேல் இறங்கியிருக்கிறேன். இறக்கம் தொடங்குகிற கட்டமேட்டிலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதிக்க வேண்டும். கைக்குத் தெரிந்த வேலை. அன்றைக்குக் கியரைக் குறைக்கவே இல்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. குறைக்கணும் என்று தெரிகிறது, அப்புறம் பார்த்துக்கலாம் என்று ஒரு மெத்தனம். காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தேன். பாதி இறக்கத்தில் ரப்பர் தீய்கிற மாதிரி ஒரு நாற்றம். பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, பின்னாடி பொகைங்கண்ணா!" என்று கத்தினான். பெடலை மிதித்தும் வண்டி பிடிக்கவில்லை. கை பிரேக்கையும் கியரையும் வைத்து எப்படியோ ஓரத்தில் மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். பையன் குதித்து ஓடிப் போய் டயருக்கு முட்டுக்கட்டை போட்டான். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றாதே என்று சொல்லக்கூட எனக்கு நாக்கு எழவில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அப்போது நான் 70 கிலோ. காலை ஆறு மணிக்கு ரத்தத்தில் 130 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்திருக்கும். சட்டம் 100 மில்லி ரத்தத்துக்கு 30 என்கிறது. தள்ளாடவில்லை, உளறவில்லை. புத்தி மட்டும் அரை விநாடி பின்னால் வந்தது.

மெஷினில் பூஜ்யம் வந்த பிறகும் ஒரு விஷயம் இருக்கிறது. குடித்துவிட்டுப் படுத்தால் சட்டென்று தூக்கம் வரும், பின்ராத்திரியில் உடைந்து உடைந்து போகும். அப்படித் தூங்கியவன் அடுத்த ராத்திரி மூன்று மணிக்கு ஸ்டீயரிங்கில் சாய்வான். நைட் ஓட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்கில் வையுங்கள்.

பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு. முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடி மாட்டினால் 15,000, ஜெயில் இரண்டு வருஷம் வரை. சட்டத்தில் 30 வரை விடுவார்கள், எங்கள் யார்டில் பூஜ்யம் வந்தால்தான் சாவி.

ஊதும்போது ஒரு சின்ன விஷயம். இருமல் டானிக், ஹோமியோபதி சொட்டு, வாய் கொப்பளிக்கிற மருந்து இதில் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு. குடித்த உடனே ஊதினால் நம்பர் எகிறும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டுப் பதினைந்து இருபது நிமிடம் கழித்து ஊதுங்கள். வாயில் ஒட்டியிருந்தது மட்டும் என்றால் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

உண்மையான சிக்கல் வேறு. டிரைவருக்கு லோடு எப்போது என்று முன்கூட்டித் தெரிவதில்லை. இன்றைக்கு ஓய்வு என்று ஒருத்தன் ஏழு மணிக்கு உட்கார்ந்திருப்பான். புக்கிங் ஆபீஸிலிருந்து ஒன்பது மணிக்குப் போன்: "காலைல மூணுக்குக் கிளம்பணும்." பேட்டா போய்விடுமே, அடுத்த தடவை கூப்பிட மாட்டார்களே என்று "சரிங்க" என்று சொல்லிவிடுகிறான். அந்த "சரிங்க"தான் ஆளைக் கொல்கிறது. அதனால் மூடியைத் திருகுவதற்கு முன்னாடியே நீங்களே ஆபீஸுக்குப் போன் போடுங்கள். "நாளைக்கு எனக்கு வண்டி இருக்குங்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே குடித்தாயிற்று என்றால் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

இது நடக்க முதலாளி பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் யார்டில், ராத்திரியே போன் பண்ணிச் சொன்னவனுக்கு அபராதம் இல்லை, திட்டும் இல்லை, வரிசையில் அவன் இடமும் போகாது. கேட்டில் வந்து ஊதி மாட்டினால் மூன்று நாள் வண்டி கிடையாது. இதை எழுதி ஒட்டின முதல் மாதம் யாருமே போன் பண்ணவில்லை. நம்பவில்லை. ஒருத்தன் பண்ணி, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்கள் பண்ண ஆரம்பித்தார்கள்.

காலையில் கை நடுங்கி, ஒரு வாய் போட்டால்தான் நிற்கிறது என்கிற நிலைக்குப் போனவர்களுக்கு இந்தக் கட்டிங் கணக்கு உதவாது. அவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் எங்கே போகலாம் என்று சொல்வார்கள்.

அந்த 41 தம்பி நேற்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்குப் போன் பண்ணினான். பின்னால் மேளச் சத்தம்.

"அண்ணா, மச்சான் வீட்டு விசேஷமுங்க. ரெண்டு கட்டிங் ஆயிருச்சுங்க."

"சரி கண்ணு. எப்ப முடிச்சே?"

"இன்னும் முடிக்கலீங்கண்ணா."

ஸ்பேர் டிரைவரை எழுப்பப் போனேன்.