ஸ்கூட் அர் எய்ரா: அருவிக்குப் பின்னால் குழுவாக நடந்து வர

தெற்கு வேல்ஸின் பிரெகன் பீக்கன்ஸ் தேசியப் பூங்காவை 2023 முதல் பன்னை பிரகெய்னியோக் என்று வெல்ஷ் பெயரிலேயே அழைக்கிறார்கள். அங்கே நான்கு அருவிகளைப் பார்த்துத் திரும்பும் பாதை ஒன்று உண்டு. கடைசி அருவி ஸ்கூட் அர் எய்ரா, அதாவது பனி அருவி. அதன் பின்புறமாகவே நடந்து போகலாம் என்பதால், மலைநடை பழகாதவர்களைக் கூட்டிப்போக எனக்கு இதைவிடப் பிடித்த இடம் வேறில்லை.

முதலில் நாளைப் பாருங்கள். பெருமழைக்கு மறுநாள் அருவி பிரமாதமாக இருக்கும், ஆனால் பாறை வழுக்கும், தண்ணீர் அதிகமானால் பின்னால் போகவே முடியாது, அதனால் மழை விட்டு ஓரிரு நாள் கழித்துப் போவதுதான் நல்லது. டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது காலணி. பிடிமானமுள்ள அடிப்பாகம் கட்டாயம். மழைக்கோட்டு, சாப்பாடு, காகித வரைபடம், விசில் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

க்வைன் ஹெப்ஸ்டே கார் நிறுத்தத்தில் தொடங்குங்கள், கட்டணம் உண்டு. மெல்ட்டே ஆற்றில் மூன்று அருவிகள்: ஸ்கூட் க்ளின் க்வின், அதற்குக் கீழே இசாவ் க்ளின் க்வின், அப்புறம் ஸ்கூட் அ பன்னூர். நடுவில் உள்ள இரண்டையும் பார்க்கச் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். யாருக்காவது முழங்கால் வலி என்றால் அவற்றை விட்டுவிடுங்கள், நான்காவதை மட்டும் விடாதீர்கள்.

நடக்கும்போது ஒரே ஒரு விதி: மெதுவாக நடப்பவர் முன்னால், வழி தெரிந்தவர் ஒருவர் கடைசியில், பாதை பிரியும் இடமெல்லாம் எல்லோரும் வந்து சேரும்வரை நிற்பது. எங்கள் முதல் பயணத்தில் வேகமாக நடந்த இருவர் ஒரு பிரிவில் வேறு பக்கம் போய்விட்டார்கள், போனும் கிடைக்கவில்லை, ஒரு மணி நேரம் தவித்துப் போனோம்.

ஸ்கூட் அர் எய்ரா ஹெப்ஸ்டே ஆற்றில் இருக்கிறது. நிறையப் படிகள் இறங்க வேண்டும். மேலே கெட்டியான மணற்பாறை, கீழே மென்மையான களிப்பாறை. தண்ணீர் கீழ்ப்பகுதியை அரித்துத் தள்ளியதால் மேல்பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கிறது, அந்தக் கூரைக்கடியில்தான் நம் பாதை. ஒருவர் பின் ஒருவராக, பாறைச் சுவரை ஒட்டிப் போங்கள். உள்ளே போனதும் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெள்ளைத் திரை விழும் சத்தத்தில் பேச்சே கேட்காது. கேட்கவும் வேண்டாம்.

யாருக்காவது அடிபட்டால் 6 முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுங்கள். சிக்னல் கிடைத்ததும் 999-ஐ அழைத்து, போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள்.

திரும்பும்போது அத்தனை படியும் ஏற வேண்டும், அதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். காரில் எல்லோருக்கும் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை இருக்கட்டும்.