வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நம்மவர் விடும் தவறுகள்

மட்டக்களப்பில் ஒரு விநியோகக் கம்பனியின் நிர்வாகப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆள் எடுக்கும்போது வருகிற விண்ணப்பங்களைப் பிரித்து வாசித்து, முகாமையாளரின் மேசைக்குப் போகவேண்டியவற்றை ஒதுக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. போன முறை களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர் தேவையென்று விளம்பரம் போட்டோம். 70க்கு மேல் வந்தன. அவற்றில் ஒன்றின் முதல் பக்கத்தில் ஒரு தம்பியின் பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்தில், 'மேலே கூறியவை யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன்' என்ற வரிக்குக் கீழே வேறொருவரின் பெயர். கையெழுத்து மட்டும் தம்பியுடையது.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே விளங்கும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேசன், தட்டச்சும் போட்டோ கொப்பியும் செய்து கொடுக்கும் கடை. "அண்ணா, ஒரு சீவி அடிக்கணும்." கடைக்காரர் முந்தாநாள் யாருக்கோ அடித்துக் கொடுத்த பைலைத் திறக்கிறார். பெயரை மாற்றுகிறார், அடையாள அட்டை இலக்கத்தை மாற்றுகிறார், பெறுபேறுகளை மாற்றுகிறார். பின்னால் போட்டோ கொப்பிக்கு நாலு பேர் நிற்கிறார்கள். கடைசிப் பக்கம் விட்டுப்போகிறது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வாங்கிய காசு அடிப்பதற்கு மட்டும்தான். வாசித்துப் பார்த்திருக்க வேண்டியவர் கையெழுத்து வைத்தவர்.

பெயர் மாறிப்போவது அபூர்வம், சரி. ஆனால் வாழைச்சேனையிலிருந்து வருவதும் பொத்துவிலிலிருந்து வருவதும் ஒரே சுயவிபரக்கோவையாக இருப்பது அன்றாடம் நடக்கிறது. அதே கறுப்புக் கோடு போட்ட தலைப்புகள், அதே வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே ஆங்கிலத்தில் ஒரு பந்தி: சவால்கள் நிறைந்த ஒரு நிறுவனத்தில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி நிறுவனத்தோடு சேர்ந்து நானும் வளர வேண்டும் என்பது அதன் சாரம். நேர்முகப் பரீட்சைக்கு வந்த ஒருவரிடம், "இந்தப் பந்தியில் என்ன சொல்லியிருக்கிறீர்கள், தமிழில் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று எங்கள் முகாமையாளர் கேட்டார். அந்தப் பிள்ளை சுவர் மணிக்கூட்டைப் பார்த்தது. அதன்பிறகு கேட்ட கேள்விகளுக்கும் அந்தப் பிள்ளைக்குப் பதில் சரியாக வரவில்லை. அந்தப் பந்தியை அழித்துவிடுங்கள். அந்த இடத்தில், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அந்த வேலையில் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது என்ன என்று இரண்டு வரி போதும்.

இன்னொரு கூட்டம் இதற்கு எதிர்ப்பக்கம் போகிறது. கைபேசியில் வார்ப்புரு எடுத்து ஊதாக் கரை, வட்டத்துக்குள் படம், திறமைகளுக்கு நட்சத்திரம் என்று செய்வார்கள். தமிழுக்கு ஐந்து நட்சத்திரம், ஆங்கிலத்துக்கு நாலு, கணினிக்கு நாலரை. பாசிக்குடா ஹோட்டலுக்குத்தான் நட்சத்திரம் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நாலு நட்சத்திர ஆங்கிலம் என்றால் கடிதம் எழுத வருமா, தொலைபேசியில் கதைக்க வருமா? எனக்குத் தெரியவேண்டியது அதுதான்.

"அனுபவம் இல்லை சேர்"

நான் பார்த்த தவறுகளில் பெரியது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதே களஞ்சிய வேலைக்குப் படுவான்கரையிலிருந்து ஒரு தம்பி விண்ணப்பித்திருந்தார். உயர்தரம் வர்த்தகப் பிரிவு, மூன்று சான்றிதழ்கள். அனுபவம் என்ற தலைப்புக்குக் கீழே ஒரு சின்னக் கோடு. பெறுபேறு பரவாயில்லை என்பதால் கூப்பிட்டோம்.

"முன்னே எங்கேயாவது வேலை செய்திருக்கிறீர்களா?"

"இல்லை சேர்."

"உயர்தரம் முடித்து மூன்று வருடம். என்ன செய்தீர்கள்?"

"வீட்டில் சும்மாதான் சேர். வெள்ளாமை வெட்டு நேரத்தில் மாமாவின் மெசினோடு போவேன்."

வெட்டு மெசினோடு போய் என்ன செய்வீர்கள் என்று தோண்டித் தோண்டிக் கேட்டதில்தான் விசயம் வெளியே வந்தது. எந்த வயலில் எத்தனை ஏக்கர் வெட்டியது, டீசல் எத்தனை லீற்றர் இறங்கியது, ஓட்டுநருக்கு எவ்வளவு முற்பணம், எந்தப் போடியார் (வயல் சொந்தக்காரர்) இன்னும் எவ்வளவு தரவேண்டும், எல்லாம் அவருடைய கொப்பியில். உதிரிப்பாகம் வாங்க வாழைச்சேனைக்கும் அம்பாறைக்கும் போய்வந்ததும் அவர்தான். மூன்று பெரும்போகம் இப்படி. எங்களுக்குத் தேவைப்பட்டது இருப்பைக் கணக்கில் வைத்திருக்கும், பாக்கியை மறக்காத ஆள். அவர் அதையேதான் செய்துகொண்டிருந்தார், ஆனால் அதை வேலை என்று நினைக்கவில்லை. மாத முடிவில் சம்பளச் சிட்டை வராதது எதுவும் நம் ஊரில் வேலை இல்லை.

அவர் எழுதியிருக்க வேண்டியது இப்படி: 'கடந்த மூன்று பெரும்போக அறுவடைகளிலும் ஒரு வெட்டு மெசினின் நாளாந்தக் கணக்கு, டீசல் இருப்பு, வசூல் மூன்றையும் தனியாகப் பார்த்தேன். உதிரிப்பாகக் கொள்வனவும் என் பொறுப்பு.' இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதை எழுதியிருந்தால் அந்தக் கடித உறை 70க்குள் தனியாகத் தெரிந்திருக்கும். பெறுபேறு இன்னும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அவரை நாங்கள் கூப்பிட்டிருக்கவே மாட்டோம் என்பதை இன்றைக்கும் நினைப்பேன்.

உங்கள் வீட்டையும் இப்படி ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பின்னேரங்களில் வாப்பாவின் கடையில் நின்றவர், வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்துத் தைத்துக் கொடுத்தவர், கோயில் திருவிழாவுக்கு வரவுசெலவு எழுதியவர், விளையாட்டுக் கழகத்தின் பொருளாளர், மீன்வாடியில் நிறுவைக்கு நின்றவர். என்ன செய்தேன், எவ்வளவு காலம், எதற்கு நான் பொறுப்பு. இந்த மூன்றும் ஒரு வரிக்குள் வந்தால் அது அனுபவம். 'குழுவாக இயங்கும் ஆற்றல்', 'தலைமைத்துவப் பண்பு' என்று எழுதுவதைவிட, 'கழகச் சுற்றுப்போட்டிக்கு 16 அணிகளின் பதிவையும் பணத்தையும் கையாண்டேன்' என்பது பத்து மடங்கு கனமானது. ஒன்று மட்டும் கவனம்: கேட்டால் சொல்ல முடியாததை எழுத வேண்டாம். மட்டக்களப்பு சின்ன ஊர், உங்கள் மாமாவை எங்கள் சாரதிக்குத் தெரிந்திருக்கும்.

விளம்பரத்தை வாசிக்காத தவறு

விற்பனைப் பிரதிநிதி வேலைக்கு மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் கட்டாயம் என்று விளம்பரத்தில் தெளிவாகப் போட்டோம். வந்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் அதைப்பற்றி மூச்சே இல்லை. அவர்களில் பலரிடம் அனுமதிப்பத்திரம் இருந்திருக்கும், ஆனால் எங்களுக்கு எப்படித் தெரியும்? விளம்பரத்தில் கேட்ட நாலு விசயத்துக்கும் பதில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். பட்டதாரி ஒருவர் சாதாரண தரப் பெறுபேறு ஒன்பதையும் அட்டவணை போட்டு அரைப் பக்கத்தை நிரப்பிவிட்டு, கேட்டதை மூன்றாம் பக்கத்தில் வைத்தால் அங்கே போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தேநீர் வந்துவிடும். பதவியின் பெயரைக் கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் எழுதச் சொல்வதும் அலங்காரத்துக்கு இல்லை. ஒரே வாரத்தில் மூன்று பதவிக்குக் கடிதம் வந்தால் அதை வைத்துத்தான் பிரிக்கிறோம்.

ஹோட்டல் வேலை தேடுபவர்களுக்கு இதிலேயே ஒரு துணைக் குறிப்பு. அறுகம்பையில் அலைச்சறுக்கல் பருவம் ஏப்ரல், மே அளவில் தொடங்கி ஒக்டோபர் வரை ஓடும். பருவம் தொடங்கிய பிறகு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பெப்ரவரி, மார்ச்சிலேயே நேரில் போய்ச் சுயவிபரக்கோவையைக் கொடுத்துவிட்டு வருவது புத்தி.

அரச வேலைக்கு எல்லாம் தலைகீழ்

இதுவரை சொன்னது தனியார் கம்பனிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே விண்ணப்பத்தில் தனித்துத் தெரிந்தால் அதுவே ஆபத்து. மாதிரிப் படிவம் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஏ4 தாளில், அதே இலக்க வரிசையில். முதல் பக்கத்தில் இன்ன பகுதி வரவேண்டும் என்றால் முதல் பக்கத்தில்தான். பரீட்சையின் பெயரைத் தமிழுக்கு மேலதிகமாக ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லியிருக்கும், அதைப் பலர் கவனிப்பதில்லை. கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்த வேண்டிய இடத்தில் அதிபரோ சமாதான நீதவானோ என்று அறிவித்தலில் சொல்லப்பட்டவர்தான் வைக்கவேண்டும், பக்கத்து வீட்டு உத்தியோகத்தர் அல்ல. குறை இருந்தால் நிராகரிப்பார்கள், அதை அறிவிக்கவும் மாட்டார்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் விண்ணப்பத்தின் பிரதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பெயர் விசயமும் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், சாதாரண தரச் சான்றிதழில் இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வேறொரு விதமாக. நேர்முகத்துக்கு முதல்நாள் சத்தியக் கடதாசிக்கு ஓடுவதைவிட, இப்போதே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

சான்றிதழ்களிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. தேசிய தொழில் தகைமையில் 4ஆம் மட்டம் வரை சான்றிதழ். 5, 6ஆம் மட்டங்கள்தான் டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். 4ஆம் மட்டத்தை வைத்துக்கொண்டு டிப்ளோமா என்று எழுதினால் விபரம் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். 4ஆம் மட்டம் ஒன்றும் சின்ன விசயமில்லை, அதை உள்ளபடியே எழுதலாம்.

சிங்களம்: 'நன்று'

மொழி பற்றிய பொய் இருக்கிறதே, அது அரை நிமிடத்தில் உடையும். கல்முனையில் தமிழில் தொடங்கும் வேலைநாள் அம்பாறை நகரத்தில் சிங்களத்தில் முடியும், அதனால் இங்குள்ள கம்பனிகள் இதைச் சும்மா கேட்பதில்லை. எங்கள் முகாமையாளர் சுயவிபரக்கோவையைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே "ஒயாகே கம கொஹெத?" என்பார். ஊர் எது என்றுதான் கேட்கிறார். 'நன்று' போட்டவர்களில் பாதிப் பேர் சிரித்துச் சமாளிப்பார்கள். 'சிங்களம் கதைத்தால் விளங்கும், மெதுவாகப் பதில் சொல்வேன், எழுத வராது' என்று எழுதிய ஒருவரை நாங்கள் எடுத்தோம், அவர் இப்போது மகாஓயாப் பக்கம் விற்பனைக்குப் போகிறார். அரச சேவையிலும் இது தப்பாது. 2007 ஜூலை முதல் சேர்ந்தவர்கள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி காட்டியாக வேண்டும்.

அப்புறம் சிபாரிசு. உறவினர் அல்லாத இருவரின் பெயர் கேட்டால் அரசியல்வாதியின் பெயரைப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவரை அழைத்து நான் என்ன கேட்பது, இந்தத் தம்பி நேரத்துக்கு வருவாரா என்றா? உங்களுக்குப் படிப்பித்த விரிவுரையாளரோ, பயிற்சியின்போது மேலே இருந்தவரோ போதும், அவரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பெயரைப் போடுங்கள். "யார்? எனக்கு ஞாபகமில்லையே" என்று மறுமுனையில் கேட்பதற்கு, பெயர் இல்லாமலே இருந்திருக்கலாம்.

தொலைபேசி

கடைசியாக ஒன்று. நாங்கள் ஒபிஸ் தொலைபேசியிலிருந்துதான் கூப்பிடுவோம், 065இல் தொடங்கும். கல்முனை 067, அம்பாறை 063, தலைமை அலுவலகம் கொழும்பு என்றால் 011. தெரியாத நம்பர் என்று வெட்டிவிடுகிறார்கள், திரும்பி எடுப்பதும் இல்லை. இரண்டு தரம் எடுப்போம், பிறகு அடுத்த பெயர். சிலர் சுயவிபரக்கோவையில் போட்டிருப்பது ஆறு மாதத்துக்கு முன் தொலைந்துபோன சிம்மின் இலக்கம்.

போன வருடம் நாவலடிப் பக்கத்துப் பையன் ஒருவருக்கு எடுத்தேன். ஒரு அம்மா பேசினார். "ஆரு மனே கதைக்கிறது?" கம்பனியின் பெயரைச் சொன்னேன். "ஓ, அந்தச் சாமான் கம்பனியா? அவன் கடலுக்குப் போயிட்டான், போனை என்னட்டத் தந்துதான் போனவன். கடிதம் போட்ட இடமெல்லாம் கலண்டர்ல எழுதி வெச்சிரிக்கான். நீங்க நாளையும் நேரத்தையும் சொல்லுங்க மனே, அதுக்குப் பக்கத்திலயே எழுதிர்ரன்." செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை என்று சொன்னேன். பையன் ஒன்பதுக்கே வந்து வாசலில் நின்றார்.