கேஜ் ஆர் அண்ட் ஆர் எப்போது போட வேண்டும்?

மைக்ரோமீட்டரில் காலிபரேஷன் ஸ்டிக்கர் இருக்கிறது, தேதியும் தாண்டவில்லை. ஆனாலும் காலை ஷிஃப்ட் ஓகே சொன்ன ஷாஃப்ட்டை இரவு ஷிஃப்ட் ரிஜெக்ட் செய்கிறது. லேபில் 20 டிகிரியில், ஸ்லிப் கேஜை (துல்லியமான அளவுக் கட்டையை) வைத்து ஒருவர் பார்த்ததுதான் காலிபரேஷன். உங்கள் ஆபரேட்டர்கள் உங்கள் பாகத்தை ஷாப் ஃப்ளோரிலேயே அளந்தால் ரீடிங் எவ்வளவு சிதறும் என்று அந்தச் சான்றிதழ் சொல்லாது. அதற்குத்தான் ஆர் அண்ட் ஆர்: ஒரே ஆள் திரும்ப அளந்தால் வரும் சிதறலும் (ரிப்பீட்டபிலிட்டி), ஆளுக்கு ஆள் வரும் சிதறலும் (ரிப்ரொடியூசிபிலிட்டி) எவ்வளவு என்று பார்க்கும் ஸ்டடி.

வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டுக்கு முன்னால் போட்டு ஃபைலில் வைப்பது பல இடங்களில் வழக்கம். அதனால் பயன் குறைவு. ஏதாவது மாறியதும் போடுங்கள்: புது கேஜ் வந்தால், கீழே விழுந்து ரிப்பேர் ஆனால், ஆன்வில், புரோப், ஃபிக்ஸ்சர் மாற்றினால், புது இன்ஸ்பெக்டர்கள் வந்தால், டிராயிங்கில் டாலரன்ஸ் இறுகினால். நீங்கள் பாஸ் செய்ததை கஸ்டமர் திருப்பி அனுப்பினால் அன்றே போடுங்கள்.

கெப்பாபிலிட்டி ஸ்டடிக்கு (மெஷின் டாலரன்ஸுக்குள் நிற்குமா என்று பார்ப்பதற்கு) முன்னால் போடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாது. மொத்தச் சிதறலில் ஆர் அண்ட் ஆர் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இவை வர்க்கமாகக் கூடுவதால் பாகத்தின் உண்மைச் சிதறல் 80 சதவீதம்தான். நீங்கள் பார்க்கும் சிபி (டாலரன்ஸைச் சிதறலோடு ஒப்பிடும் எண்) 1.33, மெஷினின் உண்மையான சிபி 1.66. இது தெரியாமல் ஸ்பிண்டிலைக் கழற்றினால் வேலையும் வீண், உற்பத்தியும் வீண்.

ஸ்டடிக்கு முன் லீஸ்ட் கவுண்ட்டை, அதாவது கேஜ் காட்டும் மிகச் சிறிய அளவைப் பாருங்கள். 20 மிமீ விட்டம், எச்7 கிரேடு ஷாஃப்ட்டின் டாலரன்ஸ் 21 மைக்ரான். பத்தில் ஒரு பங்கு விதிப்படி 2 மைக்ரானாவது பிரித்துக் காட்ட வேண்டும். 0.01 மிமீ மைக்ரோமீட்டரை வைத்து ஆர் அண்ட் ஆர் போடவே வேண்டாம், கேஜையே மாற்றுங்கள்.

ஸ்டடிக்கு 10 பாகம், 3 ஆபரேட்டர், ஆளுக்கு 3 முறை: மொத்தம் 90 ரீடிங். பெரும்பாலான தவறு பாகம் பொறுக்குவதில்தான் நடக்கிறது. ஒரே ட்ரேயிலிருந்து வரிசையாகப் பத்தை எடுத்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும், நல்ல கேஜும் சதவீதத்தில் தோற்கும். வெவ்வேறு நாள், வெவ்வேறு ஷிஃப்ட்டிலிருந்து எடுங்கள். பாக எண் ஆபரேட்டருக்குத் தெரியக் கூடாது, ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். ஷாஃப்ட்டில் அளக்கும் இடத்தை மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஓவாலிட்டியும் (வட்டம் பிசகுவது) டேப்பரும் (நீளவாக்கில் விட்டம் மாறுவது) கேஜின் கணக்கில் ஏறிவிடும். அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ராட்செட்டைத் தொடாமல் திம்பிளை, அதாவது சுழலும் உருளையைப் பிடித்து இறுக்குபவர் இருந்தால் அதுவும் ரீடிங்கில் தெரியட்டும், ஸ்டடி முடியும்வரை திருத்தாதீர்கள்.

ஆர் அண்ட் ஆர் 10 சதவீதத்துக்குக் கீழே நல்லது, 30க்கு மேல் ஏற்க முடியாது, இடையில் வந்தால் அந்த அளவு எவ்வளவு முக்கியம் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். என்டிசி (கேஜ் பாகங்களை எத்தனை தனித்தனி வகையாகப் பிரித்துக் காட்டும் என்ற எண்ணிக்கை) 5க்குக் குறையக் கூடாது. மொத்தச் சிதறலை வைத்துக் கணக்கிட்டால் சரியாக 30 சதவீதத்தில் என்டிசி 4தான் வரும், 5 கிடைக்க 27க்குள் இருக்க வேண்டும். ரிப்பீட்டபிலிட்டி அதிகமென்றால் கேஜையும் ஃபிக்ஸ்சரையும் பாருங்கள். ரிப்ரொடியூசிபிலிட்டி அதிகமென்றால் ஆட்கள் அளக்கும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

அளவு காட்டாமல் பாஸ், ரிஜெக்ட் மட்டும் சொல்லும் கோ, நோ-கோ கேஜுக்கு 50 பாகம், 3 பேர், 3 முறை. லிமிட்டை ஒட்டிய பாகங்கள் கட்டாயம் கலந்திருக்க வேண்டும், கப்பா (தீர்ப்புகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.75க்கு மேல் வர வேண்டும்.

வாகனத் துறையின் தர மேலாண்மைத் தரநிலையான ஐஏடிஎஃப் 16949 கேட்பது கண்ட்ரோல் பிளானில் (எதை எப்படிச் சோதிப்பது என்ற பட்டியலில்) உள்ள ஒவ்வொரு வகை அளவீட்டு முறைக்கும் ஸ்டடி. அதனால் ஒரே மாடல், ஒரே டாலரன்ஸ், ஒரே ஆபரேட்டர் குழு என்றால் நாற்பது மைக்ரோமீட்டருக்கும் தனித்தனியாகப் போட வேண்டியதில்லை.